பதினோராவது படி

பர்பாங்கில், மக்னோலியா சாலைக்குப் பின்புறம்,
ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
என் வேலை நடப்பது.
மற்றவர்களுக்காக நடப்பது.
திரையில் கதாநாயகி போனால்
இருட்டில் என் கால்கள் போகும்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேய்ப்படம்.
நிலவறையிலிருந்து ஒருத்தி ஏறி வருகிறாள்.
கேமரா அவளைக் காட்டாது,
மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.
பதினான்கு படிகளும் என்னுடையவை.
ஐந்து டாலர் பழுப்புச் செருப்பு, குதிகால் தேய்ந்தது.

பதினோராவது படியில் நின்றேன்.
நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
எனக்கு அப்போது ஏழு மாதம்.
உள்ளிருந்து ஓர் உதை, விலாவுக்குக் கீழே.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வினாடி,
பிறகு பன்னிரண்டு.
"இருக்கட்டும் விடு" என்றார் அன்றைய இயக்குநர்
சாண்ட்விச்சை மென்றபடி.

அந்த ஒன்றரை வினாடியைப் பற்றிக்
கட்டுரைகள் எழுதினார்கள்.
மரணத்தின் தயக்கம் என்றார் ஒருவர்.
திரைப்படப் பள்ளிகளில்
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்களாம்.
உதைத்தவள் அந்நேரம்
மழலையர் வகுப்பில் பசையைத் தின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அதே படம், மறுபடி.
அதே வீடு, அதே கதவு,
கதவுக்கு மட்டும் விலை கூடிய வண்ணம்.
பழைய கள், புதிய மொந்தை என்பார்கள்.
மொந்தையாவது புதிதாக வாங்கியிருக்கலாம்;
கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

வரும் வழியெல்லாம் விளம்பரப் பலகைகள்.
தலைப்புகளுக்குப் பின்னால் எண்கள்,
ராஜாக்களுக்குப் போல: நான்காம், ஏழாம், ஒன்பதாம்.
ஒருவரும் சாவதில்லை.
முடிசூட்டு விழா மட்டும் வருடந்தோறும்.

இயக்குநர் ப்ரைஸ். முப்பது இருக்கும்.
நல்ல பையன், பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.
"வெர்னா, அந்த நிறுத்தம் எனக்கு வேண்டும்.
எட்டு வயதில் அதைக் கேட்டுத்தான்
படம் எடுக்க வந்தேன்."
அப்படியானால் நீயாக ஒன்று எடேன் என்று
வாய்வரை வந்தது.
வாடகையும் நினைவுக்கு வந்தது.

ஏறினேன். பதினொன்றில் நின்றேன்.
"நீளம் போதவில்லை."
நின்றேன்.
"நீளம் சரி. ஆனால்
நிற்கப்போவது முன்பே தெரிகிறது."
செருப்பை மாற்றி. மாற்றாமல்.
மூட்டில் ஐஸ் கட்டிக்கொண்டு.
இருபத்துமூன்றாம் முறை
கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஒஸோரியோ
மேசையில் தலையைச் சாய்த்தார்.
பதினொன்று என்று தெரிந்த கால்
பதினொன்றில் நிற்குமா?
நடிக்கும்.

ப்ரைஸ் தரையில் உட்கார்ந்தான்.
"அன்று என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?"
"ஒன்றுமில்லை. பிள்ளை உதைத்தது."
நெடுநேரம் யோசித்தான்.
குறிப்பேட்டை எடுத்தான்,
உண்மையாகவே எடுத்தான்.
"அந்தப் பிள்ளை இப்போது எங்கே?"

ஃப்ரெஸ்னோவில் இருக்கிறாள் இனெஸ்.
குப்பை லாரி ஓட்டுகிறாள்.
விடிகாலை நான்கு மணிக்கு எந்தத் தெருவும்
நேற்றைய தெருவாக இருப்பதில்லை என்பாள்.
அவளை வரவழைத்து என்ன செய்வதாக உத்தேசம்,
நான் கேட்கவில்லை.

கடைசியில் பழைய நாடாவிலிருந்தே
அந்த ஒன்றரை வினாடியை வெட்டி ஒட்டினார்கள்.
மௌனத்துக்குக்கூட மறுபதிப்பு.
காசோலையில் என் பெயரில்
ஓர் எழுத்து குறைந்திருந்தது. அதுதான் புதுசு.

வண்டி நிறுத்துமிடத்தில் சாவிக்கொத்து நழுவி
சாக்கடைக் கம்பிவலை மேல் விழுந்தது.
விழுந்து, சரிந்து, ஒரு கம்பியைத் தொட,
கீழே எங்கோ இருந்த தண்ணீர்
அதற்குப் பதில் சொன்னது.
நாற்பது வருடம் ஓசை விற்றுப் பிழைத்தவள் சொல்கிறேன்,
எந்தப் படத்திலும் அது இல்லை.
சாவியை எடுக்காமல் சற்று நேரம் நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் இரண்டாம் பாகம் கேட்பார்கள்.